குளிர்கால உடம்புக்குக் கோடையில் சிகோங்: எவ்வளவு உண்மை, எப்படிச் செய்வது?

தியான்தான் மீனா

பெய்ஜிங்கில் இருக்கும் நம் ஆட்கள் பலரும் நவம்பர் வந்த பிறகுதான் இருமலுக்கும் மூட்டுவலிக்கும் வழி தேடுகிறார்கள். நவம்பர் 15-இல் வீடுகளுக்குப் பொதுச் சூடேற்றம் தொடங்கும், மார்ச் 15 வரை ஓடும், வெளியே போனால் மூக்கு உறையும், உள்ளே இருந்தால் தொண்டை வறளும். அந்த நான்கு மாதத்துக்குள் புதிதாக ஒரு பயிற்சியைப் பழகுவது ரொம்பக் கடினம். இங்கே பூங்காவுக்கு வரும் பெரியவர்கள் சிகோங்கை, அதாவது மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சியை, மே மாதத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். குளிர்காலத்து நோயைக் கோடையில் கவனி என்பது சீன மருத்துவத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு.

இதன் வேர் ஹுவாங்தி நெய்ஜிங் என்னும் சீன மருத்துவ நூலில் இருக்கிறது, சுமார் 2000 வருடம் பழையது. அதன் சூவென் பகுதியில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க நான்கு பருவங்களில் எப்படி வாழ வேண்டும் என்பதுதான். கோடையின் மூன்று மாதம் எல்லாம் தழைத்துப் பூக்கும் காலம், இரவு கொஞ்சம் தாமதமாகப் படு, சீக்கிரம் எழு, வெயிலை வெறுக்காதே, கோபத்தை மனதில் வைக்காதே, உள்ளே இருக்கும் 'சி' என்னும் உயிர்ச்சக்தியை வெளியே பரவ விடு என்கிறது. இதற்கு மாறாக நடந்தால் இதயம் கெடும், இலையுதிர் காலத்தில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், குளிர்கால உச்சத்தில் நோய் முற்றும் என்றும் சொல்கிறது. கோடையில் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அடுத்த இரண்டு பருவங்களில் பலன் தெரியும் என்பதுதான் வாதம். அதே அத்தியாயத்தின் முடிவில், நோய் வந்த பிறகு மருந்து தேடுவது தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்டுவது மாதிரி என்று ஒரு வரி வரும்.

நான் சொல்ல வருவது எளிமையானது. கோடையில் சிகோங் செய்யுங்கள், ஆனால் வியர்த்துக் கொட்டும் அளவுக்குச் செய்யாதீர்கள். கோடைப் பயிற்சியின் அழகே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. செய்பவர்கள், சந்தேகப்படுபவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

குவாங்சோ முத்து

மீனாக்கா, நல்ல இழை. பெய்ஜிங்கில் ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடும், காற்றும் கொஞ்சம் காய்ந்திருக்கும், அதனால் காலைப் பயிற்சி சுகம். குவாங்சோவில் ஏப்ரல் கடைசியிலிருந்தே காற்றில் தண்ணீர்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே சட்டை முதுகில் ஒட்டுகிறது. வியர்க்காமல் செய் என்றால் இங்கே எப்படி? இன்னொன்று, எங்களுக்குப் பனி கிடையாது, ஆனால் வீட்டில் சூடேற்றமும் கிடையாது. ஜனவரியில் சுவரெல்லாம் ஈரக் குளிர், அதில்தான் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. வடக்கு ஆட்களுக்கு எழுதிய அறிவுரை தெற்குக்குப் பொருந்துமா?

தியான்தான் மீனா

முத்து, வியர்ப்பது வேறு, வியர்வை ஓடுவது வேறு. தோல் லேசாக ஈரமாவதை யாரும் தடுக்கவில்லை, கோடையில் அது வேண்டும் என்றே சொல்வார்கள். வியர்வை இதயத்தின் நீர் என்பது சீன மருத்துவக் கருத்து, அதனால் ஆறாக ஓடவிட்டால் இதயத்தின் சக்தி அதோடு போகிறது என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கோட்பாட்டை ஏற்காவிட்டாலும், கோடையில் தினமும் உடம்பை வறட்டுபவர் மதியம் சுருண்டு படுத்துவிடுகிறார், ஒரு வாரத்தில் பயிற்சியையே விட்டுவிடுகிறார், இதை எல்லாப் பூங்காவிலும் பார்க்கலாம். உங்கள் ஊரில் நேரத்தைக் குறையுங்கள், அசைவின் வேகத்தைக் குறையுங்கள். பாதுவான்ஜின் என்னும் சிகோங் தொகுப்பின் எட்டு அசைவையும் செய்ய வேண்டியதில்லை, இரண்டு மூன்று போதும்.

ஈரக் குளிர் பற்றிக் கேட்டீர்கள், அங்கேதான் தெற்குக்கு இது இன்னும் பொருந்துகிறது. கோடையின் பிற்பகுதியைச் சீன மருத்துவர்கள் மண்ணீரலோடு சேர்த்துப் பேசுவார்கள், ஈரம் உடம்பில் தங்கும் காலம் என்று. பாதுவான்ஜின்னில் மூன்றாவது அசைவு, ஒரு கை மேலே ஒரு கை கீழே தள்ளுவது, வயிற்றையும் மண்ணீரலையும் சீராக்க என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் தோளுக்கும் அதுவே நல்லது.

பிசியோ ரவி

நான் பிசியோதெரபிஸ்ட், சென்னையில். சிகோங்கை நோயாளிகளுக்குச் சொல்லித் தருவதுண்டு, அதனால் எதிரி இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைக்க வேண்டும்: கோடையில் சேர்த்த உடல்தகுதி குளிர்காலம் வரை உட்கார்ந்திருக்காது. எந்தப் பயிற்சியையும் நிறுத்தினால் சில வாரங்களிலேயே இதயத் திறன் இறங்க ஆரம்பிக்கும், தசை வலு அதைவிடக் கொஞ்சம் மெதுவாக இறங்கும். ஆகஸ்டில் நிறுத்திவிட்டு டிசம்பரில் பலன் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். களஞ்சியத்தில் நெல் சேர்ப்பது மாதிரி உடம்பில் சக்தியைச் சேர்த்து வைக்க முடியும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் கூடுகிறது, ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் அனிச்சை நன்றாக வேலை செய்கிறது. இதற்கு உடலியல் விளக்கம் இருக்கிறது. தை சி என்னும் மெதுவான சீனப் பயிற்சியைச் செய்யும் முதியவர்கள் கீழே விழுவது குறைகிறது, இதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. முழங்கால் தேய்மானம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, ரத்த அழுத்தம் இவற்றில் பாதுவான்ஜின் உதவுவதாக நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை, ஒப்பீட்டுக் குழு சரியாக அமையாதவையும் உண்டு. கோடையில் செய்தால் மட்டும் தனிப் பலன் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது.

சிராங்கூன் செல்வி

ரவி சார் சொல்வது புரிகிறது, ஆனால் தனிப் பலன் இருக்கிறதா என்பதைவிட எந்தப் பருவத்தில் தொடங்கினால் ஆள் விடாமல் தொடர்வார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடம்பு இளகி இருக்கும்போது, காலை சீக்கிரம் வெளுக்கும்போது தொடங்கினால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். குளிரில் போர்வையை விலக்கி எழுந்து புதிதாகத் தொடங்க யாரால் முடியும்?

எனக்கு வேறொரு கேள்வி. சிங்கப்பூரில் நாங்கள் வருடம் முழுக்கக் கோடையில்தான் இருக்கிறோம். எங்கள் புளோக்கின் கீழே சீனப் பாட்டிகளோடு சேர்ந்து நானும் செய்கிறேன், அவர்கள் சான்ஃபூ நாள் வந்துவிட்டது என்று நாள்காட்டி பார்த்துச் சொல்கிறார்கள், சிலர் முதுகில் மருந்துப் பற்றும் போட்டுக்கொள்கிறார்கள். பருவமே மாறாத ஊரில் இதற்கு என்ன பொருள்? சான்ஃபூ என்றால் சரியாக என்ன என்று யாராவது சொல்லுங்களேன்.

தியான்தான் மீனா

செல்வி, சான்ஃபூ என்பது வருடத்தின் மிகச் சூடான, புழுக்கமான நாட்களைக் குறிக்கும் பழைய சீனக் கணக்கு. மூன்று பகுதி. கோடைக் கதிர்த்திருப்பத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது 'கெங்' நாளில் முதல் பகுதி தொடங்கும், நான்காவதில் நடுப்பகுதி, இலையுதிர்காலத் தொடக்கத்துக்குப் பிறகு வரும் முதல் கெங் நாளில் கடைசிப் பகுதி. கெங் நாள் பத்து நாளுக்கு ஒருமுறை வரும், அதனால் மொத்தம் சில வருடம் 30 நாள், சில வருடம் 40 நாள். 2024-இல் ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 23 வரை 40 நாள் இருந்தது, 2025-இல் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 18 வரை 30 நாள்தான்.

நீங்கள் சொன்ன பற்றுக்கும் நல்ல வரலாறு இருக்கிறது. சிங் வம்ச காலத்து மருத்துவர் ஜாங் லூ 1695-இல் எழுதிய நூலில், இழுப்பு நோய்க்குச் சான்ஃபூ நாட்களில் வெண்கடுகு சேர்த்த பற்றை இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகுப் புள்ளிகளில் வைக்கச் சொல்லியிருக்கிறார். இன்றும் சீன மருத்துவமனைகளில் அந்த நாட்களில் கூட்டம் அதிகம். தோல் கொப்பளிக்கும் ஆபத்து உண்டு, அதனால் வீட்டில் தானாகச் செய்யாதீர்கள். தோல் மென்மையானவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன்.

சிங்கப்பூருக்கு இது எப்படி என்றால், உங்களுக்கு வெளியே குளிர்காலம் இல்லை, ஆனால் ஆபீஸுக்குள் இருக்கிறது. வெளியில் வியர்த்த உடம்போடு ஏசியில் போய் உட்காருவது, ஐஸ் போட்ட பானம், இரண்டையும்தான் அந்தப் பாட்டிகள் தினம் திட்டுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

சிராங்கூன் செல்வி

திட்டுகிறார்கள்! ஐஸ் மைலோ கையில் பார்த்தாலே முகம் மாறிவிடும்.

ஏட்டுச்சுவடி

ஆயுர்வேதம் படிக்கிறேன், ஒரு ஒப்பீடு சொல்லலாமா. அஷ்டாங்க ஹிருதயத்தில் உடற்பயிற்சி பற்றி ஒரு விதி வரும்: பலமும் நெய்ப்பசையுள்ள உணவும் உள்ளவர்கள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தங்கள் சக்தியில் பாதி அளவு பயிற்சி செய்யலாம், மற்றக் காலங்களில் அதைவிடக் குறைவாக. கோடையில் பயிற்சியையே தவிர்க்கச் சொல்லும் இடமும் உண்டு, ஏனென்றால் அப்போதுதான் உடல் பலம் மிகக் குறைந்திருக்கும், செரிமானத் தீயும் மந்தமாக இருக்கும் என்பது கருத்து. சீனர்கள் கோடையில் செய் என்கிறார்கள், நம் நூல் கோடையில் அடக்கு என்கிறது. முரண்பாடு போலத் தெரிகிறது, ஆனால் மீனாக்கா சொல்லும் வியர்க்காத சிகோங்கைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

கோடையில் வெப்பம் தோலுக்கு வந்துவிடுகிறது, வயிற்றுக்குள் குளிர்ச்சி என்று சீன மருத்துவம் சொல்வதாகப் படித்தேன். குளிரில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி சாப்பிட்டால் வைத்தியர் சீட்டு வேண்டாம் என்று ஒரு சீனப் பழமொழியும் உண்டாம். செரிமானத் தீ மந்தமாகும் என்ற நம் மந்தாக்கினிக் கருத்தும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

குவாங்சோ முத்து

இங்கே உணவகத்தில் வேலை செய்யும் அம்மாக்கள் காலையில் இஞ்சித் துண்டு மெல்வதைப் பார்த்திருக்கிறேன், ராத்திரி இஞ்சி கூடாது என்பார்கள். ஆனால் அதே ஊரில் தெருவுக்குத் தெரு கசப்பு மூலிகைத் தேநீர்க் கடை, லியாங்சா, உடம்புச் சூட்டை இறக்க. ஒரே ஆள் காலையில் இஞ்சியும் மாலையில் குளிர்ச்சி மூலிகையும் எடுக்கிறார். எனக்கு அது குழப்பமாகப் படவில்லை, ஆளையும் நாளையும் பார்த்து எடுக்கிறார்கள்.

அது இருக்கட்டும், அக்கா, நீங்கள் உண்மையில் காலையில் என்ன செய்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கோட்பாடு போதும்.

தியான்தான் மீனா

சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன், மரத்தடியில், காற்று நேராக அடிக்காத இடம். முதலில் சும்மா நிற்பது, பாதம் தோள் அகலம், முழங்கால் பூட்டாமல், மூச்சு தானாகக் கீழே இறங்கும் வரை. அவசரக்காரர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான், எனக்கு இதுதான் பாதிப் பயிற்சி.

அப்புறம் பாதுவான்ஜின், எட்டு அசைவும். சீன விளையாட்டுத் துறை 2000-களின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வடிவம்தான் எல்லாப் பூங்காவிலும் இப்போது செய்கிறார்கள், முழுதும் முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். கோடையில் ஐந்தாவது அசைவில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறேன். குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி கால் அகட்டி, தலையையும் இடுப்பையும் எதிரெதிர்ப் பக்கம் அசைப்பது, இதயத்தின் தீயைத் தணிக்க என்று அதன் பெயரே சொல்லும். தொடைக்கு நல்ல வேலை. வில் இழுக்கும் இரண்டாவது அசைவு நெஞ்சைத் திறக்கும், இலையுதிர் காலம் நுரையீரலின் காலம் என்பதால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதற்கு நேரம் கூட்டுவேன். ஆறாவது, கையால் பாதத்தைத் தொடுவது, இடுப்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்பார்கள், குளிர்காலத்துக்கு உரியது.

கடைசியில் ஆறு ஒலிப் பயிற்சியிலிருந்து ஒரே ஒரு ஒலி. இது பழைய முறை, ஐந்து ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் காலத்திலேயே மூச்சை உள்ளிழுக்க ஒரு வழி, வெளிவிட ஆறு வழி என்று பதிவாகியிருக்கிறது. மருத்துவர் சுன் சிமியாவ் பெயரில் வழங்கும் பாட்டில் பருவத்துக்கு ஒரு ஒலி வரும்: வசந்தத்தில் கல்லீரலுக்கு 'ஷூ', கோடையில் இதயத்துக்கு 'ஹ', இலையுதிர் காலத்தில் நுரையீரலுக்கு 'ஸி', குளிரில் சிறுநீரகத்துக்கு 'ச்சுய்'. வாயைப் பாதி திறந்து, பெருமூச்சு விடுகிற மாதிரி 'ஹ' என்று நீளமாக விடுவது, ஆறு முறை, அதற்கு மேல் வேண்டாம். இது வெளியேற்றும் பயிற்சி, அதிகம் செய்தால் சோர்வு வரும் என்று பழையவர்கள் எச்சரிக்கிறார்கள்.

முடிக்கும்போது இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்து நிற்பது, உடம்பு அமைதியாகும் வரை. வியர்வையைத் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர். உடனே குளிக்க மாட்டேன், மின்விசிறிக்கு எதிரே நிற்க மாட்டேன்.

பிசியோ ரவி

இதில் சில பாதுகாப்புக் குறிப்புகள் சேர்க்கிறேன், தயவுசெய்து படியுங்கள். ஐந்தாவது, ஆறாவது அசைவுகளில் தலை கீழே போகும். உயர் ரத்த அழுத்தம், தலைசுற்றல், கண் அழுத்தம் உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே இறக்காமல் செய்யுங்கள், கையை முழங்கால் வரை கொண்டுபோனால் போதும். முழங்கால் தேய்ந்தவர்கள் குதிரை நிலையில் ஆழமாக உட்கார வேண்டாம்.

வெப்பம் பற்றி: நீர் பிரியும் மாத்திரை, பீட்டா பிளாக்கர் எடுக்கும் பெரியவர்களுக்கு உடம்பு சூட்டைத் தாங்கும் திறன் குறையும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிறுத்தி நிழலுக்குப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ மனம் தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு, உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் கூடாது என்ற பேச்சே எடுக்காதீர்கள், ஐஸ் வைத்தாலும் சரி, சூட்டை இறக்குவதுதான் உயிரைக் காக்கும்.

வேனில்

முதல் முறை எழுதுகிறேன். நான் சேர்ந்த ஒரு வகுப்பில் சான்ஃபூ நாட்களில் நண்பகல் வெயிலில் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள், யாங், அதாவது உடம்பின் வெப்ப சக்தி, ஏறும் என்று. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நான் கேட்டபோது, விழுந்தால் நல்லது, கெட்டது வெளியேறுகிறது என்று பதில் வந்தது. அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். சிகோங்கே இப்படித்தானா என்ற பயம் இன்னும் போகவில்லை.

தியான்தான் மீனா

வேனில், நீங்கள் நிறுத்தியது சரி. மயங்கி விழுவது நல்லது என்று எந்த நல்ல ஆசிரியரும் சொல்ல மாட்டார். வெயிலை வெறுக்காதே என்று நூல் சொல்வதை நண்பகலில் வேகு என்று படிப்பது அநியாயம். பதினொன்று முதல் ஒன்று வரையான நேரத்தை இதயத்தின் நேரம் என்பார்கள், அப்போது கண் மூடிக் கொஞ்சம் படுப்பதுதான் இங்கே வழக்கம்.

இந்தத் துறையில் இப்படிப்பட்டவர்கள் புதிதில்லை. சிகோங் என்ற பெயர் பரவலானதே 1950-களில், லியூ குயிஜென் போன்றவர்கள் அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த பிறகு. 1980-களில் நாடு முழுக்கச் சிகோங் அலை அடித்தபோது தொடாமல் குணமாக்குகிறேன் என்று எத்தனையோ பேர் கிளம்பினார்கள். பயிற்சியால் மனநிலை குலைந்தவர்களும் உண்டு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994 கையேட்டில்கூட அது இடம்பெற்றது. மனநோய் வரலாறு உள்ளவர்கள் நீண்ட நேரம் அசையாமல் நிற்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும், இதை வெட்கப்படாமல் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் சீனாவின் மாவாங்துயியில் 1973-இல் கிடைத்த பட்டு ஓவியத்தைப் பாருங்கள், கி.மு. 168-இல் மூடிய கல்லறை, அதில் ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவருமாக 44 பேர் கை நீட்டி, குனிந்து, வளைந்து நிற்கிறார்கள். சாதாரண மனிதர்கள் சாதாரண அசைவுகள் செய்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பயம் போய்விடும்.

பிசியோ ரவி

இதை முழுதும் ஏற்கிறேன். மீனா மேடம், நிறுத்தினால் பலன் நிற்காது என்று நான் முதலில் சொன்னதற்கு மட்டும் பதில் வரவில்லை. செப்டம்பருக்குப் பிறகு என்ன?

தியான்தான் மீனா

வருகிறேன், சார். களஞ்சியம் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஏனென்றால் அந்த அத்தியாயமும் கோடையோடு நிற்கவில்லை. இலையுதிர் காலத்தில் சீக்கிரம் படு, கோழியோடு எழு, மனதை அடக்கிக்கொள் என்கிறது. குளிரில் சீக்கிரம் படு, தாமதமாக எழு, சூரியன் வரும்வரை காத்திரு, தோல் வழியாகச் சூட்டைக் கசியவிடாதே என்கிறது. அதாவது பயிற்சி நிற்பதில்லை, உருவம் மாறுகிறது. பூங்காவில் டிசம்பரில் அதே ஆட்கள் ஒன்பது மணிக்கு மேல் வெயில் விழும் சுவரோரம் நிற்பார்கள், அசைவு சின்னதாகிவிடும், நிற்பது கூடிவிடும். காற்று மாசு அதிகமான நாளில் வெளியே வரவே மாட்டார்கள், வீட்டுக்குள்.

கோடையில் கிடைத்து குளிரிலும் கூடவே இருப்பது என்ன என்று கேட்டால் நான் மூன்றைச் சொல்வேன்: கால் வலு, மெதுவான மூச்சு, காலையில் எழுந்தவுடன் அதற்காக நிற்கும் பழக்கம். பனி உறைந்த நடைபாதையில் வழுக்கும்போது அந்தக் கால்தான் தாங்குகிறது. கோடை கொடுத்தது அதைப் பழகும் வாய்ப்பு, தொடர்வது நம் பொறுப்பு.

பிசியோ ரவி

இப்படிச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சிராங்கூன் செல்வி

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு ஆஸ்துமா, டிசம்பர் மழைக்காலத்தில்தான் அதிகம். இப்போதிருந்தே செய்ய வைக்கலாமா? இன்ஹேலரைக் குறைக்கலாமா என்று அவரே கேட்கிறார்.

பிசியோ ரவி

செய்ய வைக்கலாம், இன்ஹேலரைக் குறைக்கக் கூடாது. தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும், அதைக் குறைப்பது மருத்துவரின் முடிவு. காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். பயிற்சி செய்யும்போது நிவாரண இன்ஹேலர் பையில் இருக்கட்டும், மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம்.

தியான்தான் மீனா

ஆமாம், செல்வி. அம்மாவுக்கு முதலில் சும்மா நிற்பதும் முதல் இரண்டு அசைவும் மட்டும் சொல்லிக்கொடுங்கள், முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யட்டும். அந்தப் பாட்டிகள் கூட்டத்தோடு சேர்த்துவிட்டால் ஒரு நாள் வராவிட்டாலும் வீட்டுக்கே வந்து கேட்பார்கள்.